குறைந்தபட்சத் தொகை கட்டினால் வட்டி நிற்காது
வருமானம் குறைந்த மாதங்களில் கிரெடிட் கார்டு பில்லுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி விழாது என்று சொல்வது தவறு. அதனால் தப்புவது தாமதக் கட்டணம் மட்டுமே. 40,000 ரூபாய் பாக்கியில் 5 சதவீதமான 2,000 ரூபாயைக் கட்டினாலும், மீதி 38,000 ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் என்ற கணக்கில் 1,330 ரூபாய் வட்டியும், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாகச் சுமார் 240 ரூபாயும் ஏறிவிடுவதால், கடனில் உண்மையில் குறைவது ஏறக்குறைய 430 ரூபாய்தான். இதைவிட மோசம், பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது (இதைப் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள்). நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து இந்தப் பாக்கியை அடைப்பது எவ்வளவோ மேல். இல்லாதவர்கள் பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு கொடுத்த வங்கியிடமே கேட்கலாம்.