ரெனால்ட்ஸ் 753 சைக்கிள் ஃபிரேம் அதிக விறைப்பு என்பது தலைகீழ்

"ரெனால்ட்ஸ் 753 வலிமையான எஃகு, அதனால் 531 ஃபிரேமைவிட விறைப்பாக இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (753, 531 இரண்டும் ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் சைக்கிள் ஃபிரேம் எஃகுக் குழாய் வகைகள்.) முதல் பாதி சரி, மறுபாதி தலைகீழ். வலிமை (உடையாமலும் நிரந்தரமாக வளைந்துபோகாமலும் தாங்குவது) வேறு, விறைப்பு (சுமையில் வளைந்துகொடுக்காமை) வேறு.

எந்த எஃகை எடுத்தாலும் மீள்தன்மைக் கெழு (பொருளின் இயல்பான விறைப்பைக் காட்டும் எண்) ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். குழாய் எவ்வளவு வளையும் என்பது அதன் விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் பொறுத்தது. 753 என்பது வெப்பப் பதம் ஏற்றிய 531 வகைதான். வலிமை கூடியதால் சுவரை மெல்லியதாக்க முடிந்தது, எடை குறைந்தது. ஆனால் டவுன் டியூப் (ஃபிரேமின் முன்பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய்) விட்டம் வழக்கம்போல அதே 28.6 மி.மீ. அப்புறம் விறைப்பு எப்படிக் கூடும்? குறையத்தான் செய்யும்.

விறைப்புதான் வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்ட வேண்டும். அதே தடிமனில் 28.6 மி.மீ.யை 31.8 ஆக்கினாலே சுமார் 37 சதவீதம் கூடிவிடும். பழைய ஃபிரேம் வாங்குபவர்கள் குழாய் வகையைச் சொல்லும் ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல் சீட் போஸ்ட்டை (இருக்கையைத் தாங்கும் தண்டை) உருவி அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். அது நுழையும் சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. என்றால், அதில் 27.2 மி.மீ. தண்டு நுழைந்தால் மெல்லிய சுவர். 26 சொச்சம் என்றால் தடித்த குழாய்.