பட்டியலில் இல்லையென்றால் ஆளே இல்லையா?

மூன்று நாளாக எழுதாமல் இருந்தேன். கோபம் அடங்கட்டும் என்று. அடங்குகிற மாதிரித் தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கப்பலேறிப் போன முன்னோர்களைத் தேடுகிற நம் குழுவின் ஞாயிற்றுக்கிழமை இணையச் சந்திப்பில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். மீதிப் பேர் ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசிய அந்த அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. பேத்தி போனைப் பிடித்துக்கொண்டிருக்க, பாதி ஆங்கிலமும் பாதி அவர்கள் வீட்டுத் தமிழுமாக, தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று சொல்லத் தொடங்கினார். நம் நிபுணர் கப்பல் லிஸ்டைக் கணினியில் இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்தார். "லிஸ்ட்ல அந்தப் பேர் இல்லம்மா. லிஸ்ட்ல இல்லன்னா அப்படி ஒருத்தர் வரல. வீட்ல சொன்ன கதையா இருக்கும்." ஒரு சிரிப்பு. அப்புறம், அடுத்த கேள்வி.

அந்த அம்மா "ஓகே, தேங்க் யூ" என்றார். அந்த ஓகேதான் என்னைத் தூங்கவிடவில்லை.

லிஸ்டில் இல்லை என்றால் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது உங்கள் சொந்தச் சரக்கு.

என்ன லிஸ்ட் அது? சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி 342 பேரோடு டர்பனைச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? இவ்வளவு விவரம் இருக்கும்போது ஒருவர் எப்படித் தப்ப முடியும்?

தப்புவார். எழுத்துத் தெரியாத ஒருவர் தன் பெயரைச் சொல்கிறார். கப்பலேற்றும் முன் ஆட்களைச் சேர்த்துவைக்கும் டிப்போவின் குமாஸ்தா தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுகிறார். அந்தப் பக்கக் கரையில் இன்னொருவர் அதைப் பார்த்து இன்னொரு ஏட்டில் எழுதுகிறார். நூறு வருடம் கழித்து, தமிழே தெரியாத யாரோ அந்தக் கோணல் கையெழுத்தைக் கணினியில் ஏற்றுகிறார். முனுசாமி மூனசாமியாகி, மூணியாகி, வெறும் சாமியாகி நிற்பார். நீங்கள் 'மு' போட்டுத் தேடிவிட்டு ஆளே இல்லை என்பீர்கள். செங்கல்பட்டைச் சிங்கல்புட் ஆக்கியவர்கள், தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கியவர்கள், நாற்பது வீடுள்ள ஒரு குக்கிராமத்தின் பெயரைச் சரியாக எழுதிவைத்திருப்பார்கள் என்று எந்த தைரியத்தில் நம்புகிறீர்கள்?

அங்கே போய் மாறியது தனி. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். அந்த அம்மா சொன்னது இன்றைய குடும்பப் பெயர். நிபுணர் அதை அப்படியே தட்டிப் பார்த்தார். அதுதான் அந்த இரண்டு நிமிட ஆராய்ச்சி.

இன்னொன்று. போன எல்லாருமே கூலி ஒப்பந்தத்தில்தான் போனார்களா? சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள் இருந்தார்கள். மொரீசியஸ் போய், அங்கிருந்து நேட்டாலுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். காந்தியோடு சிறைக்குப் போன தம்பி நாயுடுவே மொரீசியஸில் பிறந்தவர். சென்னையில் கப்பலேறியவர்கள் ஏட்டில் அவரைத் தேடிப் பாருங்களேன். கிடைக்கமாட்டார். தம்பி நாயுடு என்று ஒருவர் இருக்கவே இல்லை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவித்துவிடலாம்.

"ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்க முடியாது, ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்" என்று கமெண்டில் ஒரு தம்பி வகுப்பெடுத்தார். சரி. யார் ஏற்கச் சொன்னது? 'இன்னும் கிடைக்கவில்லை' என்று சொல்லலாமே. 'தகப்பன் பெயர் தெரியுமா, ஊர் தெரியுமா, எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார்' என்று கேட்கலாமே. அது ஆராய்ச்சி. எண்பது வயது மனுஷியைப் பார்த்துச் சிரித்ததற்கும் ஆதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது அதே சந்திப்பில் நான் சொன்ன என் கதை. இதைத்தான் 'ஆயா கதை ஆராய்ச்சி' என்று தலைப்புப் போட்டு ஸ்கிரீன்ஷாட் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஆமாம், ஆயா கதைதான். என் ஆயாவின், அதாவது பாட்டியின், பெரியப்பா 1890களில் கப்பலேறிப் போனவர். அவர் பெயரை இனிமேல் பொதுவில் எழுதுவதாக இல்லை, போன வாரம் பட்டது போதும். முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதுதான் பெயர்.

ஏழு வருடம் தேடினேன். பெயரை வைத்துத் தேடி நூற்றுக்கணக்கான முனுசாமிகளைப் பார்த்துவிட்டேன். போதாக்குறைக்குப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் நமக்கு. ராமசாமி மகன் முனுசாமி, முனுசாமி மகன் ராமசாமி என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி ஒரு வம்சத்தையே ஓட்டியிருக்கும். இதில் எந்த முனுசாமி நம் முனுசாமி? ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். சித்தப்பா ஒருமுறை கேட்டார்: "செத்துப்போனவன எதுக்குத் தேடற? கெடச்சா பங்கு கேக்கவா போறான்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் ஆயா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆயாவை வளர்த்தது அவருடைய பெரியம்மா, அதாவது கப்பலேறிப் போனவரின் மனைவி. ஒரே வீடு. அந்தப் பெரியம்மா அடிக்கடி சொல்வாராம்: "எங்க பாத்தாலும் கண்டுபுடிச்சிடலாம், எடது புருவத்துல வெட்டு இருக்கும்." சின்ன வயதில் ஏர் ஓட்டும்போது கலப்பை எகிறி அடித்ததாம்.

பெயரை விட்டுவிட்டு வடஆற்காடு ஜில்லாவை மட்டும் வைத்துக்கொண்டு, தகப்பன் பெயர் என்னென்ன விதமாகக் கெட்டிருக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு மாதம். ஒரு ராத்திரி, நான் அதுவரை சீண்டாத ஒரு எழுத்துக்கூட்டலில், ஏட்டின் கடைசிக் கட்டத்தில் இருந்தது: இடது புருவத்தில் தழும்பு. ஊர்ப்பெயரில் முன்பாதி இல்லை, பின்பாதி மட்டும் சரி. தகப்பன் பெயர் கிட்டத்தட்ட சரி. வயது ஆறு வருடம் இடித்தது.

ஓடிப்போனால் பிடிப்பதற்காக ஒரு குமாஸ்தா எழுதிவைத்த அடையாளம் அது. திரும்பி வந்தால் தெரிந்துகொள்வதற்காக ஒரு பெண் நினைவில் வைத்திருந்த அடையாளமும் அதுவே. இதைத்தான் அந்தச் சந்திப்பில் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில்தான் வீடியோவை வெட்டி 'எமோஷனல் ஆராய்ச்சி' என்று போட்டிருக்கிறார்கள்.

"வயது ஆறு வருடம் இடிக்கிறதே?" ஆமாம், இடிக்கிறது. பிறந்த தேதி தெரியாத ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட வயது அது. நம் ஊரில் பிறப்பு இறப்பைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று நாடு முழுவதுக்குமான சட்டம் வந்ததே 1969இல். என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்தநாள் வாத்தியார் போட்டது. இன்றைக்கு அறுபது எழுபது வயதில் இருக்கும் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தது எப்படி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்படியும் இவர் வேறு ஆளாக இருக்கலாமா? இருக்கலாம். நூற்றுக்கு நூறு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நான் சொல்லாததைச் சொன்னதாக வைத்து என்னை மறுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் வாழ்த்துகள்.

"இப்படி விட்டால் ஆளாளுக்குச் சோழன் பேரன் என்று கிளம்புவார்கள்." கிளம்பட்டுமே. காசு வாங்கிக்கொண்டு ராஜவம்ச மரம் வரைந்து தருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நான் தேடியது கரும்பு வெட்டப் போன ஒரு கூலியை. பொய் சொல்வதென்றால் இன்னும் கொஞ்சம் பெரிய பொய்யாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு தோழி தனியாக எழுதிக் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் குடைகிறது. "கடைசியில் இந்தத் தேடல் எல்லாம் சாதியைத் தேடுவதில்தானே போய் முடிகிறது?" நியாயமான கேள்வி. அந்த ஏட்டில் சாதிக் கட்டம் இருக்கிறது. பலர் நேராக அங்கேதான் போகிறார்கள். கப்பலேறும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, அதிலிருந்து தப்பிக்கவே கப்பலேறியவர்கள் உண்டு. அப்படித் தப்பியவரை நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு திரும்பப் பிடித்து அதே கட்டத்துக்குள் அடைப்பது சரியா? சரியில்லை. நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். இங்கே எழுதவில்லை, எழுதமாட்டேன். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, தோழி.

ஆனால் 'லிஸ்டில் இல்லை என்றால் இல்லை' என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை இதற்கு முன்னால் யார் சொன்னார்கள் தெரியுமா? 1948இல் இலங்கை அரசு சொன்னது. அந்த வருடத்துக் குடியுரிமைச் சட்டப்படி, அங்கேயே பிறந்தவர்கூட, தன் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளாக லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்து, கொழுந்து கிள்ளி, லயத்திலேயே செத்தவர்களுக்கு எந்தக் காகிதம் இருந்தது? ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணி கையிலிருந்த துண்டுச் சீட்டும் கடன் கணக்கும்தான். தாத்தாவைக் காட்ட முடியாததால் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். மனிதர்களைத்தான் சொல்கிறேன், நெல் மூட்டையை இல்லை.

ஒரு இணையச் சந்திப்புக்கு இலங்கையை இழுப்பதா என்று கேட்பீர்கள். இழுக்கத்தான் செய்வேன். காகிதத்தில் தாத்தா இல்லையென்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் எவ்வளவு அமைதியாக ஓகே சொல்லிவிட்டுப் போகிறார் என்று பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மிகையாக இருந்தால் இருக்கட்டும்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கப்பலில் போனவருக்காவது ஒரு எண் உண்டு, புருவத் தழும்பு உண்டு. இங்கேயே இருந்துவிட்ட அந்தப் பெரியம்மாவுக்கு என்ன இருக்கிறது? எந்த லிஸ்டில் தேடுவது அவரை? புருஷன் செத்தான் என்று சேதி வரவில்லை, உயிரோடு இருக்கிறான் என்றும் வரவில்லை. தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. ஊர்க் கல்யாணங்களுக்கு மட்டும் போகமாட்டாராம், 'இவ சுமங்கலியா இல்லையான்னு நாலு பேரு யோசிக்க வேணாம்' என்று. ஆயா இதைச் சொல்லும்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. ஏதோ வேடிக்கைக் கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிபுணர் கணக்குப்படி அவர் பிறக்கவே இல்லை.

எனக்கு அவர் கிடைத்தது ஒரே ஒரு காகிதத்தில். வீட்டு டிரங்குப் பெட்டியில், வேறு எதற்கோ மூலப்பத்திரம் தேடியபோது அகப்பட்ட ஒரு கிரயப் பத்திரம், 1923. ஆயாவின் அப்பாவும் இந்தப் பெரியம்மாவும் சேர்ந்து கிணற்றடி நிலத்தை விற்றிருக்கிறார்கள். எழுதிக்கொடுப்பவர்கள் வரிசையில் இரண்டாவதாக, இன்னார் பெண்சாதி இன்னார் என்று. கீழே பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் கசிந்திருக்கிறது. அதே பத்திரத்தில் செத்துப்போனவர்கள் பெயருக்கு முன்னால் எல்லாம் மறக்காமல் 'காலஞ்சென்ற' என்று எழுதியிருக்கிறார் பத்திர எழுத்தர். இவர் புருஷன் பெயருக்கு முன்னால் மட்டும் அந்தச் சொல் இல்லை. போய் முப்பது வருடம் ஆகியிருக்கும். பெரியம்மா எழுதவிடவில்லை என்று நான் நினைக்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

டர்பன் அம்மாவின் பேத்தியை நேற்று எப்படியோ பிடித்துவிட்டேன். தாத்தாவின் தகப்பன் பெயர் என்ன, எந்தத் தோட்டம், உடம்பில் ஏதாவது தழும்பு இருந்ததாக யாராவது சொன்னதுண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பாட்டி தூங்குகிறாள், எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது.