ஆறப் பொறுத்தவர்கள்

இங்கிலாந்து ராக் பேண்ட் ரேடியோஹெட் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். 'ஓகே கம்ப்யூட்டர்' வரைக்கும் கிதார் பேண்ட், 'கிட் ஏ'வில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பரிசோதனை, அதற்கப்புறம் தொட்டதெல்லாம் மேதைமை. நானும் பல வருடங்களாக இதை நம்பி அடுத்தவர் காதிலும் ஓதியிருக்கிறேன். சமீபத்தில் 'பாப்லோ ஹனி' (1993) தொடங்கி 'எ மூன் ஷேப்ட் பூல்' (2016) வரை ஒன்பது ஸ்டுடியோ ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டு முடித்தேன். அந்தக் கதையில் இப்போது எனக்குப் பிடிப்பு இல்லை.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள். இந்த ஐந்து பேரும் ஆறப் பொறுத்த இடங்களில் எல்லாம் ஜெயித்திருக்கிறார்கள், அவசரப்பட்ட இடங்களில் சறுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வரவும்.

முதல் ஆல்பத்தைச் சுமார் மூன்று வாரத்தில் முடித்தார்கள், கேட்டாலே தெரியும். 'க்ரீப்' ஒன்றை எடுத்துவிட்டால் அதில் எனக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பாட்டிலும் நினைவில் நிற்பது, ரொம்ப மென்மையாக இருக்கிறதே என்ற கடுப்பில் கிதார் கலைஞர் ஜானி க்ரீன்வுட் கிதாரை 'க்ரக்' என்று வெட்டி இழுக்கும் அந்தச் சத்தம்தான். 'தி பெண்ட்ஸ்' (1995) அதைவிடப் பல மடங்கு மேல். 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) பற்றி ஊரே எழுதிவிட்டது, நான் வேறு எதற்கு?

சுவாரசியம் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. 1999 தொடக்கத்தில் பாரிஸில் ரெக்கார்டிங்கை ஆரம்பித்து, கோபன்ஹேகன் போய், இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையில் உட்கார்ந்து, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் தங்கள் சொந்த ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரே குவியலிலிருந்துதான் 2000 அக்டோபரில் 'கிட் ஏ'வும், அடுத்த வருடம் 'அம்னீசியாக்'கும் வந்தன. முன்னோட்டமாகத் தனிப்பாட்டு (சிங்கிள்) எதுவும் விடாமலே 'கிட் ஏ' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இரண்டாவதை மிச்சம் மீதி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 'பிரமிட் சாங்'கின் பியானோவுக்குத் தாளம் போட்டுப் பாருங்கள். எங்கே தட்டினாலும் ஒரு அடி தள்ளியே விழும். ஃபில் செல்வேயின் டிரம்ஸ் உள்ளே வந்த பிறகுதான், அட, ஒழுங்கான தாளம்தான் என்று புரியும்.

அதே 'அம்னீசியாக்'கில் 'லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்' என்று ஒரு பாட்டு. முதலில் 'ஐ வில்' என்ற வேறொரு பாட்டைப் பதிவு செய்திருக்கிறார்கள், சரியாக வரவில்லை. டேப்பைத் தலைகீழாக ஓட்டியபோது நன்றாக இருந்திருக்கிறது. பாடகர் தாம் யார்க் அந்தத் தலைகீழ் மெட்டைக் கற்றுக்கொண்டு பாடினார். 'ஐ வில்' என்ன ஆனது? அதையும் விட்டுவிடவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2003இல் வந்த 'ஹெயில் டு த தீஃப்'பில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு தாலாட்டு மாதிரி அது வந்து நிற்கிறது. தோற்றுப்போன ஒரு பதிவிலிருந்து இரண்டு பாட்டு!

ஆனால் அந்த 'ஹெயில் டு த தீஃப்'பையே முழு ஆல்பமாக எடுத்தால் என் கட்சிக்கு எதிர்ப்பக்க சாட்சி. பெரும்பகுதியை லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு வாரத்தில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். பதினான்கு பாட்டு, 56 நிமிடம். நடுவில் கண்டிப்பாகத் தூக்கம் வரும். பிற்பாடு யார்க்கே சில பாட்டுகளை உருவிவிட்டு வேறு வரிசையைச் சொன்னார்.

அதிலிருந்து பாடம் கற்றார்களோ என்னவோ, அடுத்ததற்கு நான்கு வருடம் எடுத்துக்கொண்டார்கள். 'இன் ரெயின்போஸ்' (2007) என்றால் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுவார்கள். இணையத்தில் இறக்கிக்கொள்ளுங்கள், விருப்பப்பட்ட காசைக் கொடுங்கள் என்றார்கள், சரி, பெரிய விஷயம்தான். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் அதில் மூன்றாவதாக வரும் 'நியூட்'. 'ஓகே கம்ப்யூட்டர்' காலத்துப் பாட்டு அது, தொண்ணூறுகளின் கடைசியிலேயே மேடையில் பாடியிருக்கிறார்கள். தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சோடு திரும்பத் திரும்ப முயன்றும் படியாமல் பத்து வருடம் கிடப்பில் கிடந்தது. பழைய மேடைப் பதிவில் ஆர்கன் தூக்கலாகக் கேட்கும். 2007 பதிவில் பாட்டைத் தோளில் சுமப்பது காலின் க்ரீன்வுட்டின் பேஸ் கிதார். அவசரமே இல்லாமல் நடக்கும் அந்த பேஸ், கோபக்கார வயதில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'தி கிங் ஆஃப் லிம்ப்ஸ்' (2011) எட்டே பாட்டு, 37 நிமிடம். அதே பாட்டுகளை இரண்டாவது டிரம்மரையும் சேர்த்துக்கொண்டு ஸ்டுடியோவில் நேரடியாக வாசித்த வீடியோ பதிவு இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஆல்பத்தை மறந்துவிடுவீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக 'ட்ரூ லவ் வெயிட்ஸ்'. 1995இல் முதல்முதலாக மேடையில் பாடிய பாட்டு. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். 2001இல் ஒரு நேரடிப் பதிவு மட்டும் வந்தது: யார்க்கும் ஒரு கிதாரும். கெஞ்சுகிற இளைஞனின் குரல் அது, போகாதே என்று சொன்னால் நின்றுவிடுவார்கள் என்று இன்னும் நம்புகிற குரல். ஸ்டுடியோ வடிவம் 2016இல் 'எ மூன் ஷேப்ட் பூல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வந்தது. 21 வருடம்! கிதார் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல் சொட்டும் பியானோக்கள். அதே சொற்களை இப்போது பாடுகிறவருக்கு, போகிறவர் ஏற்கெனவே போய்விட்டார் என்பது தெரியும். யார்க்கின் நீண்ட கால மணவாழ்க்கை முந்தைய வருடம்தான் முடிந்திருந்தது. அதை அறியாமல் கேட்டாலும் குரலில் அது இருக்கிறது. முதல் முறை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் கட்சியில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'லிஃப்ட்'. 1996இல் மேடைகளில் கூட்டத்தைத் தூக்கிய பாட்டு. அது ஹிட் ஆனால் தங்கள் பாதையே மாறிவிடும் என்று பயந்து அமுக்கிவிட்டதாகப் பின்னாளில் பேண்டின் இன்னொரு கிதார் கலைஞர் எட் ஓ'பிரையனே சொன்னார். 'ஓகே கம்ப்யூட்டர்' இருபதாம் ஆண்டு வெளியீட்டில், 2017இல், ஒருவழியாக வெளியே விட்டார்கள். கேட்டேன். சவசவ என்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தக் காலத்து மினிடிஸ்க் (சிறு ஒலிவட்டு) பதிவுகள் திருடுபோய், வேறு வழியில்லாமல் பேண்டே 18 மணி நேர ஒலியையும் விற்பனைக்கு வைத்தது. அந்தக் குவியலுக்குள் இன்னொரு 'லிஃப்ட்' கிடக்கிறது. வேகமாக, வெறியோடு, வாய் நிறையப் பாடியது. இருபது வருடம் பூட்டி வைத்துவிட்டு, திறக்கிற அன்றைக்கு ஏன் அதை விட்டு இதை எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.