பிலிம் லென்ஸ் டிஜிட்டலுக்குப் பொருந்தாதா?

பிலிம் கமராவின் லென்ஸ் எதுவும் டிஜிட்டலுக்குப் பொருந்தாது, வித்துவிட்டுப் புதுசு வாங்குங்க என்று ஒரு தம்பி எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். கெனனின் ஈஓஎஸ் வரிசைப் பிலிம் கமரா வைத்திருப்பவர்களுக்கு இது சரியில்லை, தம்பி.

1987 இல் ஈஓஎஸ் பிலிம் கமராவோடு வந்த அதே இஎஃப் மவுண்ட்தான், அதாவது லென்ஸ் பூட்டும் வாய்தான், கெனனின் ஈஓஎஸ் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய, கண்ணாடி வைத்த டிஜிட்டல் கமரா) எல்லாவற்றிலும் இருக்கிறது. பாவித்த 1100டி போன்ற மலிவான கமராவிலும் அந்த இஎஃப் லென்ஸ் பூட்டலாம். ஓட்டோ ஃபோகஸும் வேலை செய்யும். அதில் படத்தைப் பதியும் சென்சர் பிலிமை விடச் சிறியது என்பதால் 50 மிமீ லென்ஸ் 80 மிமீ போலக் கிட்டவாகக் காட்டும். மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் முழுவதும் பிடிக்க இன்னும் பின்னுக்குப் போகவேண்டிவரும், அவ்வளவுதான்.

நீங்களே பார்க்கலாம். லென்ஸின் முன்விளிம்பில் இஎஃப் என்று இருக்கும், பின்பக்கம் பொன்னிறத் தொடுமுனைகள் இருக்கும். மட்டக்களப்பு டவுனில் பாவித்த கமரா விற்கிற கடைக்குக் கொண்டுபோய், லென்ஸின் சிவப்புப் புள்ளியைக் கமராவின் சிவப்புப் புள்ளிக்கு நேரே வைத்துத் திருப்பி, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 1987க்கு முந்திய, கெனனின் பழைய வகையான எஃப்டி லென்ஸ் மட்டும் நேரடியாகப் பூட்டாது. ஈஓஎஸ்ஸுக்கு வேறு கம்பனிகள் செய்த பழைய லென்ஸ்களில் சில பிழைச்செய்தி காட்டுவதும் உண்டு.