சமாதானப் பயிற்சியை ஈரப்பத மீட்டரில் தொடங்குங்கள்

மேலாளர்களுக்கு 'மோதல் தீர்வு' பயிற்சி என்றால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இன்னமும் ஒரு ஹோட்டல் ஹால், ஒரு பவர்பாயின்ட், மதியச் சாப்பாடு, சாயங்காலம் சான்றிதழ். கோபத்தை எப்படி அடக்குவது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நம் பகுதியில் தகராறு எங்கே கிளம்புகிறது என்பதைத் தொடுவதே இல்லை.

நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் என்பது விதி. மீட்டரில் 19 வந்ததும் "நேத்து 17தானே காட்டுச்சு" என்று ஆரம்பிக்கும். அந்த இடத்தில் மேலாளரின் பேச்சுத் திறமை எடுபடாது. முதலில் அளவை இரண்டு பேரும் நம்பணும். குவியலின் மேலாக ஒரு கை அள்ளினால், மத்தியானத்தில் காய்ந்த நெல் வரும். பனி இறங்கிய காலையில் அதே மேல்நெல் ஈரமாக இருக்கும். அதனால் மேல், நடு, அடி என்று நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, விவசாயி பார்க்க மூன்று முறை போட்டு, சராசரியை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அடங்காத மீதிக்குத்தான் பயிற்சி வேண்டும். விவசாயிக்கு நகைக்கடன் தவணை, தலைக்கு மேலே கருக்கும் வானம். பட்டியல் எழுத்தருக்கு, நெல் காய்ந்து எடை குறைந்தால் தன் தலையில் விழுமே என்ற பயம். சுமை தூக்குகிறவருக்கு மூட்டைக் கணக்கில் கூலி. லாரி வரவில்லையென்றால் மூட்டை அடுக்க இடமில்லாமல் வேலையே நின்றுபோகும். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பத்து நிமிஷம் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "நான் புரிஞ்சுகிட்டது சரியா?" என்று கேளுங்கள். மூவரையும் ஒன்றாக உட்காரவைப்பது அதற்குப் பிறகுதான். கூட்டத்துக்கு நடுவில் தீர்ப்புச் சொன்னால், அவமானப்பட்டவர் மறுநாள் ஆள் திரட்டிக்கொண்டு மறியலுக்கு வந்துவிடுவார். "பேசி முடிச்சாச்சு" என்று வாய்ப்பேச்சோடு கலைவதும் அப்படித்தான். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, ஒரு வாரத்தில் எடுத்துப் பார்க்கணும்.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்கவும் கூடாது. மூட்டைக்கு இவ்வளவு என்று லஞ்சம் கேட்டால் புகார்தான். சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பணியிடப் பாலியல் தொல்லையில், 2013 சட்டப்படி புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே சமரசம். பணம் கொடுத்து முடிக்கவே கூடாது. "வெளியே தெரியாம முடிச்சிடலாம்" என்று மேலாளர்கள் இறங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சத்தமில்லாமல் இருந்தால் அமைதி என்று டெல்டாக்காரர்கள் நினைக்கவே கூடாது. கூலித் தகராறு முற்றி, கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது 1968 டிசம்பர் 25. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது அதற்கப்புறம், 1969இல். அதே 1969இல்தான் நார்வே அறிஞர் யோஹான் கால்டுங், அடிதடி இல்லாததை மட்டும் அமைதி என்று சொல்ல முடியாது, சமூக அமைப்பிலேயே ஊறிக்கிடக்கும் அநீதியும் வன்முறைதான் என்று எழுதினார். வெண்மணியைத் தொடாமல் இங்கே அந்தப் பாடத்தை நடத்தவே கூடாது.

பயிற்சி நடத்துகிறவர்களே, வருகிறவர் ஒவ்வொருவரும் தன் அலுவலகத்தில் இப்போது ஓடுகிற ஒரு தகராறை எழுதிக்கொண்டு வரட்டும். எழுத்தர் விவசாயியாகவும், மேலாளர் சுமை தூக்குகிறவராகவும் மாறி உட்கார்ந்து பேசட்டும். மூன்று மாதம் கழித்து, கையெழுத்தான ஒப்பந்தத் தாளோடு திரும்ப வரச் சொல்லுங்கள். சான்றிதழை அன்றைக்குக் கொடுங்கள்.