அரண்மனை வாசல்ல உக்கார ஒரு திண்டு கூடவா இல்ல?

நேத்து சாயங்காலம் அத்தைய கூட்டிட்டு ராம்நாடு அரண்மனைப் பக்கம் போனேன், அவங்களுக்கு முட்டி வலி, பத்து நிமிசம் உக்காந்தாப் போதும்னாங்க, எங்கடா உக்கார வைக்கன்னு பாத்தா இருக்குற இடம் பூரா பைக்குப்பா பைக்கு, சைடு ஸ்டாண்ட் போட்டு ஒன்னு மேல ஒன்னு சாஞ்சு நிக்குது, மிச்ச இடத்துல யாரு வீட்டுக் காதுகுத்துக்கோ கட்டுன ஃப்ளெக்ஸு, கச்சான் காத்துல கிழிஞ்சு படபடன்னு அடிச்சிட்டு கெடக்கு.

உள்ள ராமலிங்க விலாசம், கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம், சுவரு பூரா ஓவியம். வெளிய நிக்க இடமில்ல. 1897ல விவேகானந்தர் பாம்பன்ல வந்து எறங்குனப்ப குதிரைய அவுத்துவிட்டு பாஸ்கர சேதுபதி ராஜாவே சனத்தோட சேந்து வண்டிய இழுத்தாராம். இப்ப இங்க இழுக்கச் சொல்லுங்க, ரெண்டடி நகராது, முன்னாடி ஷேர் ஆட்டோ நிக்கும்.

கடைசில பருத்திப்பால் வண்டிக்காரர்தான் அவரு ஸ்டூலத் தந்தாரு, "உக்காருங்க ஆச்சி"ன்னு. அத்தைக்கு ஆச்சின்னதுல செம கோவம், அது தனிக் கதை. உக்காந்து ரெண்டு வாய் குடிக்கல, பின்னாடி ஒருத்தன் ஹாரன், "ஸ்டூல எடுங்க, வண்டி விடணும்"ங்குறான்.

டம்ளரோட எந்திரிச்சு, நின்னுக்கிட்டே குடிச்சோம்.