சொந்த மாவட்டம் எது என்று கேளுங்கள்

திருப்பூர்ப் பக்கம் தோல் நோய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிகள் வெளிர் திட்டுகளோடு நிறையப் பேர் வருகிறார்கள். முக்கால்வாசி சாதாரணத் தேமல்தான், களிம்பு தடவினால் போய்விடும். போகாத ஒன்றிரண்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சமீபத்தில் பீகார்க்காரர் ஒருவர் வந்தார். வாயைச் சுற்றியும் மோவாயிலும் மினுமினுப்பாகச் சின்னச் சின்ன முடிச்சுகள், மார்பில் வெளிர் புள்ளிகள். அரிப்பு இல்லை, வலி இல்லை. தொழுநோய் என்று வேறொரு இடத்தில் கூட்டு மருந்து கொடுத்து, மாதக்கணக்கில் சாப்பிட்டும் அப்படியே இருந்தது. பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். தொழுநோயில் வருவது போல உணர்ச்சி எங்கும் குறையவில்லை, நரம்பும் தடிக்கவில்லை. சரி, சின்ன வயதில் காலா அசார் (மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணிக் காய்ச்சல்) வந்ததா என்று கேட்டதும் தலையாட்டினார். சாரண் மாவட்டம். விடாத காய்ச்சல், மண்ணீரல் வீங்கி, ஊசி போட்டுப் பிழைத்தவர்.

காலா அசார் குணமான சிலருக்கு, வருடங்கள் கழித்து அதே ஒட்டுண்ணி தோலில் மட்டும் தலைகாட்டும். 1922இல் கல்கத்தாவில் மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி விவரித்த இந்தத் தோல் நோயை பிகேடிஎல் என்பார்கள். அந்த ஒட்டுண்ணியை மருத்துவர் டோனவன் 1903இல் கண்டதோ நம் சென்னைப் பொது மருத்துவமனையில்! இன்றைக்கு இங்கே படிக்கும் மாணவர்கள் இப்படி ஒரு நோயாளியைப் பார்ப்பதே அபூர்வம்.

இதில் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது. பழைய காலா அசாருக்கே அது பாசிட்டிவ் காட்டும். தோலைக் கீறி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அல்லது ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்ய வேண்டும். உறுதியானால் மில்டெபோசின் மாத்திரை, 12 வாரம். மாத்திரை சாப்பிடும்போது கண் சிவந்தாலோ வலித்தாலோ உடனே வரச் சொல்ல வேண்டும். கம்பெனி மாறுகிறவர், சட் பூஜைக்கு ஊருக்கு ரயிலேறுகிறவர் இதை முழுசாக முடிப்பது லேசில்லை. ஆனாலும் முடிக்க வைத்தே ஆக வேண்டும். அவருக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும், ஊரில் அவரைக் கடிக்கும் மணல் ஈ இன்னொரு குழந்தைக்குக் காலா அசாரைக் கொண்டுபோகும். தொட்டால் ஒட்டாது. கம்பெனிக்காரர்களே, இதைக் காரணம் காட்டி யாரையும் வேலையை விட்டு அனுப்பாதீர்கள்.

எனக்கு ஆதங்கம் ஒன்றுதான். ஓபி சீட்டில் முகவரி என்ற இடத்தில் கம்பெனி விடுதியின் பெயர்தான் இருக்கிறது. மொழிபெயர்க்க வருகிறவரோ சூப்பர்வைசர். அவர் முன்னால் பழைய நோயை எந்தத் தொழிலாளி வாய்விட்டுச் சொல்வார்? மருத்துவர்களே, சூப்பர்வைசரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இந்தி தெரிந்த நர்ஸையோ நண்பரையோ போனில் பிடியுங்கள். சந்தேகம் வந்தால் அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்கு அனுப்புங்கள். சீட்டில் சொந்த மாவட்டத்தையும் அந்தப் பழைய காய்ச்சலையும் மறக்காமல் எழுதுங்கள்.